டர்போ கடைசியில் வரட்டும்: வீட்டில் கட்டிய ரோட்டரி விமானத்தின் முதல் 40 மணி நேரம்

அமெரிக்காவில் ஒருவர் தன் கையாலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். வேலையில் பாதிக்கு மேல் தனியாட்கள் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்ததாக இருந்தால், அந்நாட்டு விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. அதற்கு 'எக்ஸ்பெரிமென்டல்' பிரிவில் சான்றிதழ் கொடுக்கிறது. நான் டெக்சாஸில் விமான மெக்கானிக். இப்படிக் கட்டுகிறவர்கள் கூப்பிட்டால் அவர்களுடைய ஹேங்கருக்குப் போய், பறப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக் கருத்துச் சொல்வதும் உண்டு. கொஞ்ச காலமாக நம் ஆட்கள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் மாஸ்டா காரின் ரோட்டரி எஞ்சினும், எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போவும் வைக்க ஆசைப்படுகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

ஆசை நியாயமானதுதான். மாஸ்டாவின் 13பி எஞ்சினில் ரோட்டர் இரண்டே இரண்டு, கொள்ளளவு 1308 சி.சி. வால்வு கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது. பிஸ்டன் எஞ்சின் திடீரென்று ராடு உடைந்து நின்றுபோவதுபோல இது நிற்பது அரிது. ஒரு ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போனாலும் மற்ற ரோட்டரின் பலத்தில் தட்டுத்தடுமாறி ஓடுவதுண்டு. விமான எஞ்சினோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. ஆனால் இது ரொம்ப வேகமாகச் சுற்றும் எஞ்சின். 6000 ஆர்.பி.எம். ஓடும் ஷாஃப்டில் புரொப்பெல்லரை நேரடியாக மாட்ட முடியாது. நடுவில் 2.17க்கு 1 அல்லது 2.85க்கு 1 என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும் கியர் பாக்ஸ் வேண்டும். அதற்கு மேல் ரேடியேட்டர், ஆயில் கூலர், கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், டர்போ, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்று எல்லாமே கட்டுகிறவர் தானே யோசித்துப் பொருத்தியவை. நான் பார்த்தவரை தொல்லை கொடுப்பது பெரும்பாலும் இவைதான், ரோட்டர் அல்ல. 2012இல் அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. எஞ்சின் பலம் போவதும் விமானம் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் விபத்துகளில் முன்னால் நின்றன. அதுவும் விமானத்தின் வாழ்க்கையில் ஆரம்ப மணி நேரங்களில் ஆபத்து கூடுதல்.

புதிதாகக் கட்டிய விமானம் முதலில் ஒரு சோதனைப் பறப்புக் காலத்தைக் கடக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் சோதனைக் காலம் வழக்கமாக 25 மணி நேரம். கார் எஞ்சின் என்றால் 40. மணிக்கணக்குக்குப் பதில் சோதனைகளை ஒவ்வொன்றாக முடித்துக்காட்டும் வழியும் இப்போது வந்திருக்கிறது. எந்த வழியானாலும் ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிக்கு மேலேதான் பறக்க வேண்டும், பயணி யாரையும் ஏற்றக் கூடாது. பலர் இந்த 40 மணி நேரத்தை எப்படியாவது ஓட்டித் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஜூலை கடைசியில் ஆஷ்காஷ் விமானத் திருவிழா வருகிறது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று ஏரோட்ரோமைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் உண்டு. அப்படி ஓடிய மணி நேரம் கணக்கில் ஏறும், விமானத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒவ்வொரு முறை மேலே போவதற்கு முன்னாலும் இன்று என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதை ஒரு வரியாவது எழுதிவைக்கச் சொல்கிறேன். எழுத எதுவும் இல்லையென்றால் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

முதல் வேலை தரையில். விமானத்தின் மூக்கை, ஏறும்போது இருக்கும் கோணத்துக்கு உயர்த்தி வைத்து, எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். பம்ப் மூலம் வரும் பெட்ரோல் என்றால், டேக்-ஆஃபில் எஞ்சின் குடிக்கும் அளவைப்போல 125 சதவீதம் வர வேண்டும். தானாக இறங்கி வருவதென்றால் 150 சதவீதம். டர்போ வைத்தவர்கள் இந்தக் கணக்கை டர்போவின் முழு பலத்துக்குப் போட வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போதும் ஒருமுறை அளக்க வேண்டும். அப்புறம் மின்சாரம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷனும் தீப்பொறி தரும் இக்னிஷனும் கரன்ட்டில் ஓடும் எஞ்சினில் பேட்டரி செத்தால் எஞ்சினும் செத்தது. ஆல்டர்னேட்டரை நிறுத்திவிட்டு பேட்டரியில் மட்டும் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தரையிலேயே செய்யக்கூடிய, செலவில்லாத சோதனை இது.

டர்போவின் ஆயில் பாதை தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வருவது தன் எடையில் மட்டும்தான். புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் கோஸி மாதிரியான விமானங்களில், இடம் இல்லாமல் டர்போவைக் கீழே தள்ளி வைப்பார்கள். ஆயில் திரும்பும் வழி, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். தரையில் ஓட்டும்போது லேசாகப் புகை வரும், அவ்வளவுதான். அப்படி ஒரு விமானத்தை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் புதிய எஞ்சின் பதமாகும் புகை என்று நம்பிக்கொண்டிருந்தார். திரும்ப முடியாத ஆயில் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆயிலை உறிஞ்சி சம்புக்கு அனுப்ப ஒரு தனி பம்ப் வைத்த பிறகுதான் புகை நின்றது. அதை அப்படியே பறக்கவிட்டிருந்தால், சிவக்கச் சூடான எக்ஸாஸ்ட்டில் ஆயில் கொட்டி, பக்கத்தில் உள்ள ஃபைபர் கிளாஸ் மூடி தீப்பிடித்திருக்கலாம். ரோட்டரியின் எக்ஸாஸ்ட் பிஸ்டன் எஞ்சினைவிட அதிகச் சூடு. காரில் டர்போ முழு வேகத்தில் சில விநாடிகள் ஓடும். விமானத்தில் அதே டர்போ மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். டர்போவுக்குள் சுழலும் சக்கரம் உடைந்து தெறித்தால் கோஸியில் அந்தத் துண்டுகள் நேராகப் புரொப்பெல்லரில் போய் விழும். அங்கே உள்ள ஒவ்வொரு போல்ட்டுக்கும் கம்பிப் பூட்டு இருக்கிறதா என்று நான் கையால் தொட்டுத்தான் பார்ப்பேன்.

முதல் சில பறப்புகளில் டர்போவின் பலத்தைத் தொடவே வேண்டாம். மேனிஃபோல்ட் பிரஷர், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், 30 பாதரச அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது கடல் மட்டத்துக் காற்றழுத்தம் அளவே. எக்ஸாஸ்ட்டை டர்போவுக்குப் போகாமல் விலக்கிவிடும் வழியான வேஸ்ட்கேட்டைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். காரிலிருந்து எடுத்த டர்போவில் அந்த வழி சின்னது. மஃப்ளர் இல்லாத எக்ஸாஸ்ட்டில் வேஸ்ட்கேட் திறந்திருந்தும் பிரஷர் தானாக ஏறும். விமானத்தைக் கட்டிப்போட்டு முழு த்ராட்டில் கொடுத்து இதைப் பார்த்துவிட வேண்டும். அதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் தரையில் நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று சரியாகக் கிடைக்காது. பிரஷர் எல்லை மீறினால் வெடிப்பு சீராக இல்லாமல் எஞ்சின் 'நாக்' அடிக்கும். அந்த அடியில் முதலில் உடைவது 2 மில்லிமீட்டர் கனமே உள்ள ஏபெக்ஸ் சீல்.

முதல் பறப்பு நீளமான ரன்வேயிலிருந்து, ஏரோட்ரோமுக்கு நேர் மேலே வட்டமடித்தபடி உயரம் ஏற வேண்டும். எஞ்சின் நின்றால் சறுக்கியே இறங்கிவிடும் தூரத்தில் எப்போதும் இருங்கள். டேக்-ஆஃப் முடிந்த உடனே எஞ்சின் நின்றால் ரன்வேக்குத் திரும்பப் பார்க்காதீர்கள். நேர் முன்னால் இருக்கும் நிலத்தை முந்தின நாளே நடந்து பார்த்து வைத்திருங்கள்.

அடுத்து வருவது சூடு. இதில்தான் அதிக மணி நேரம் செலவாக வேண்டும். ரோட்டரியில் வெளியேற்ற வேண்டிய சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயில் வழியாகப் போகிறது, ஏனென்றால் ரோட்டர்களைக் குளிர்விப்பதே ஆயில்தான். கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் திரவம்) முள்ளையே பார்த்துக்கொண்டு ஆயில் முள்ளை மறந்தால் ஏமாந்துபோவோம். மோசமான நேரம் நீண்ட ஏற்றம்: பலம் முழுதாக, வேகம் குறைவாக. ஜனவரியில் 5 டிகிரியில் அழகாக ஏறிய விமானம் ஆகஸ்டில் 38 டிகிரியில் ரன்வேயைத் தாண்டுவதற்குள் கொதிக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஏற்றத்திலும் வெளிக்காற்றின் சூட்டையும் சேர்த்து எழுதுங்கள். வெளிக்காற்று எத்தனை டிகிரி கூடினால் கூலன்ட்டும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும் என்று கணக்குப் போட்டு, கோடையில் எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். அதிகமாகக் கொதித்தால் அலுமினிய ஹவுசிங் வளைந்து கூலன்ட் சீல்கள் போய்விடும், அந்த எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு டர்போ. சாதாரண எஞ்சின் மேலே போகப் போக பலம் குறையும், சூடும் கூடவே குறையும். டர்போ அப்படி விடாது. 12,000 அடியில் வெளி அழுத்தம் சுமார் 19 அங்குலம். அங்கே 30 அங்குலம் காட்ட வேண்டுமானால் டர்போ காற்றை ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். 18,000 அடியில் இரண்டு மடங்கு. அழுத்தும்போது காற்று சூடாகிறது, டர்போவின் சுழற்சியும் ஏறுகிறது. எஞ்சின் கடல் மட்டத்துச் சூட்டையே தந்துகொண்டிருக்க, ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றின் அடர்த்தி 12,000 அடியில் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 69 சதவீதம்தான். வெளியே குளிராக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. 2,000 அடிக்கு ஒருமுறை நிறுத்தி, சமமாகப் பறந்து, ஆயில், கூலன்ட், இன்டர்கூலரிலிருந்து வரும் காற்று, எக்ஸாஸ்ட் ஆகிய நான்கு சூடுகளும் நிலைக்கும்வரை காத்திருந்து எழுதிக்கொண்டு, அதற்கு மேல் போங்கள். ஏதாவது ஒன்று நிலைக்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் அன்றைய உயரம் அதுதான்.

சோதனை முடிந்ததும், விமானம் தன் வேகங்கள் எல்லாவற்றிலும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது, ஆபத்தான குணம் எதுவும் இல்லை என்று லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் எப்போதாவது வேறு டர்போவோ வேறு புரொப்பெல்லரோ மாட்டினால், அது பெரிய மாற்றமாகக் கணக்கிடப்பட்டு எஃப்.ஏ.ஏ. அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, குறைந்தது 5 மணி நேரம் மறுபடி இதே சோதனைக்குள் வர வேண்டியிருக்கும். டர்போ மாற்றியவர்களுக்கு அந்த 5 மணி நேரம் போதாது என்பது என் கருத்து. பழைய குறிப்புகளை எடுத்து, முதல் கோடையில் எழுதிய அதே உயரங்களில் அதே நான்கு சூடுகளை மறுபடி அளந்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை பக்கத்து சீட்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.