பழைய டெட்ரிஸ் கேட்ரிட்ஜ்: விலை பேசுவதற்கு முன்

பழைய வீடியோ கேம்களைப் பழுதுபார்த்து மதிப்பிடுவது என் தொழில். நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயில் செருகி ஆடும் டெட்ரிஸ் கேட்ரிட்ஜ் (விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டைத் தாங்கிய சிறு பெட்டி) முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதாலேயே பெருந்தொகை கேட்பவர்களையும், அதை நம்பிக் கொடுத்துவிடுபவர்களையும் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வருத்தமே இதை எழுத வைக்கிறது.

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய இவ்விளையாட்டை, 1989-இல் அமெரிக்காவில் நின்டெண்டோ கேம் பாய் கருவியோடு சேர்த்தே விற்றது. உலகெங்கும் ஏறத்தாழ 3.5 கோடி பிரதிகள் விற்றன. இவ்வளவு பெருகிய ஒன்று அரிய பொருளாக இருக்க வழியில்லை. பெட்டியோ கையேடோ இல்லாத தனிக் கேட்ரிட்ஜ், கேம் பாய் விளையாட்டுகளிலேயே மலிவானவற்றுள் ஒன்று. மதிப்பைக் கூட்டுவது, அன்று பலர் குப்பையில் போட்டுவிட்ட அட்டைப்பெட்டியும் கையேடும்தான். விதிவிலக்கு ஒன்றுண்டு: ஜப்பானில் வெளியான முதல் பதிப்பில், விளையாடும்போது தேர்ந்தெடுக்கும் பின்னணி இசைகளுள் 'ஏ' என்பதில், நாம் அறிந்த ரஷ்ய நாட்டுப்புற மெட்டுக்குப் பதிலாக வேறோர் இசை ஒலிக்கும், சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான்.

"சேமிப்பு பேட்டரி புதிதாக மாற்றப்பட்டது" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் உடனே விலகிவிடுங்கள். இந்தக் கேட்ரிட்ஜில் பேட்டரியே கிடையாது. 32 கிலோபைட் நினைவகச் சில்லில் விளையாட்டு மட்டுமே உள்ளது, கருவியை அணைத்ததும் எடுத்த மதிப்பெண் அழிந்துவிடும். போலிகளும் ஏராளம். மேல்விளிம்பில் பொறித்த நிறுவனப் பெயர் கூர்மையாக உள்ளதா, லேபிளின் அச்சு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஐயமிருந்தால் 3.8 மி.மீ. சிறப்புத் திருப்புளி முனையால் திருகைக் கழற்றி, உள்ளே பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சிடப்பட்டுள்ளதா எனச் சரிபாருங்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற '9999 இன் 1' பிரிக் கேமைக் கேம் பாய் என்று கொண்டுவருவோரும் உண்டு. அது முற்றிலும் வேறு பொருள்.

இயக்கியதும் திரையில் நிறுவனப் பெயர் சிதைந்து கறுப்புக் கட்டமாகத் தெரிந்தால், கேட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று எண்ணி அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். பெரும்பாலும் கருவியோடு இணையும் உலோகத் தொடுமுனைகளில் படிந்த அழுக்குதான் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைத்தால், பஞ்சு கறுத்து, உள்ளிருக்கும் செம்பொன் நிறம் வெளிப்படும். வாயால் ஊதுவது ஈரத்தை ஏற்றி அரிப்பையே வளர்க்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது முலாமையே உரித்துவிடும்.

கருவியோடு சேர்த்து வாங்குவதானால், நான்கு பென் பேட்டரிகள் இருக்கும் அறையைத் திறந்து, கசிந்த பச்சைப் படிவு உள்ளதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். திரையில் விழும் செங்குத்துக் கோடுகளை மறுபற்றவைப்பால் (இணைப்பை மீண்டும் சூடாக்கி ஒட்டுவதால்) பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கசிவு பலகைக்குள் பரவிவிட்டால் பழுதுபார்க்கும் செலவே கருவியின் விலையைத் தாண்டிவிடக்கூடும்.