இழுத்துவிட்டால் போதுமா, நிறுத்த வேண்டாமா?

குடியாத்தம் பக்கத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். கரும்பு வெட்டும் வேலையும் செங்கல் சூளை வேலையும் சூடுபிடித்துவிட்டால், பாரம் தள்ளிக் குறுக்கே மடங்கிய வண்டிகள் பட்டறைக்கு வரத் தொடங்கிவிடும். கடைசியாக வந்தது ஒரு மினி டிராக்டர். முன் அச்சு முறிந்து, இடது மட்கார்டு டயரோடு ஒட்டிக் கிடந்தது. பெரிய டிராக்டருக்கென்று செய்த டிரெய்லரை அதில் மாட்டி, செங்கல் ஏற்றி, இறக்கத்தில் இறக்கியிருக்கிறார்கள். ஓட்டியவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

"பிரேக் பிடிக்கவில்லை அண்ணா, பிரித்துப் பாருங்கள்" என்றார் உரிமையாளர். பிரித்துப் பார்த்தேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பின் டயர்களைத்தான் அவருக்குக் காட்டினேன். இரண்டிலும் ஒரே இடத்தில் ரப்பர் கட்டைகள் அரத்தால் ராவியதுபோல் சப்பையாகத் தேய்ந்திருந்தன. பிரேக் பிடித்திருக்கிறது, சக்கரமும் நின்றிருக்கிறது. நின்ற சக்கரத்தைப் பின்னாலிருந்த பாரம் தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டே தள்ளியிருக்கிறது.

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஐம்பது எச்.பி. வண்டி, பத்து டன்னை அசால்ட்டாக இழுக்கிறது. அப்புறம் என்ன?" இழுக்கும், நானும் இல்லை என்று சொல்லவில்லை. எச்.பி. என்பது இழுக்கிற பலம். நிறுத்துகிற பலம் அதிலிருந்து வருவதில்லை. டயர் தரையைக் கவ்விப் பிடிப்பதில்தான் நிறுத்தம் இருக்கிறது. அந்தப் பிடி, டயரின்மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. டிராக்டரின் எடை ஏறக்குறைய இரண்டு டன். நம் பக்கத்து டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. ஆக, பத்து டன் பாரத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டிய பொறுப்பு இரண்டே இரண்டு சக்கரங்களின் தலையில் விழுகிறது. "புது வண்டி, ஆயில் பிரேக்" என்பதெல்லாம் இங்கே உதவாது. எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் சக்கரத்தைத்தான் நிறுத்தும். சறுக்கத் தொடங்கிய சக்கரத்தை எந்தப் பிரேக்கும் காப்பாற்றாது. அதற்குள் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ள, டிராக்டர் குறுக்கே மடங்கிவிடும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு கணக்குப் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை டிராக்டர் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது, வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று டிராக்டர் கையேடுகளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு டன் டிராக்டருக்கு அது மூன்று டன், அதுவும் டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்து. மினி டிராக்டரின் எடை சுமார் ஒரு டன்தான். பெரிய டிரெய்லரை மாட்டினால், செங்கல் ஒன்றுகூட ஏற்றாமலே அந்த வரம்பு தீர்ந்துவிடும். செங்கல் ஒன்று சுமார் மூன்று கிலோ. இரண்டாயிரம் ஏற்றினால் ஆறு டன். சூளைக்காரர்களே, ஒரு நடையை மிச்சப்படுத்த நினைக்கும்போது இந்தக் கணக்கையும் போடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பத்தலப்பல்லி மலைப்பாதை வேண்டாம், நெடுஞ்சாலை மேம்பாலத்து இறக்கத்திலேயே போடுகிறார்கள். மிச்சமாவது ஒரு டம்ளர் டீசல். இறக்கத்தில் பாரத்தைப் பிடித்து நிறுத்துவதே எஞ்சின்தான். அதை நீங்களே கழற்றி விட்டுவிட்டு, வேகம் ஏறிய பிறகு கியர் போடப் பார்த்தால் பல்சக்கரம் கறகறவென்று கத்துமே தவிர விழாது. கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்குவதும் இதே தப்புதான். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். கியரை இறக்கத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும், பாதியில் அல்ல. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். 15 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை.

இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்க்கும் பூட்டைச் சாலைக்கு வருமுன் போடுங்கள். உழவில் திரும்புவதற்காகக் கழற்றிவிட்டு அப்படியே ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி சுழன்றுவிடும்.

ஒற்றை அச்சு டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். கரும்பை வால்பக்கம் நீட்டி அடுக்கினால் டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி, டிராக்டரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். பிரேக் பிடிக்க வேண்டிய சக்கரங்களே லேசாகிவிட்டால் எதைக் கொண்டு நிறுத்துவீர்கள்? அதற்காக எல்லாப் பாரத்தையும் முன்னால் குவித்தாலும் ஆபத்து, மேட்டில் முன்சக்கரம் எழும்பிவிடும். டிரெய்லரை இணைப்பதற்கென்று கீழே உள்ள இடத்தில்தான் இணைக்க வேண்டும். கலப்பையை மேலே பிடிக்கும் கம்பியான டாப் லிங்க் பக்கம் மாட்டினால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும், கீழே சிக்குவது ஓட்டுநர்தான்.

அடுத்தது டிரெய்லரை மாட்டும் கொக்கியும், அதில் செருகும் 'பின்' என்ற இரும்பு ஆணியும். தேய்ந்து தேய்ந்து முட்டை வடிவமாகிப்போன ஓட்டையில், பின்னுக்குப் பதில் கட்டடக் கம்பித் துண்டைச் செருகிக் கொண்டுவருகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. சரியான அளவுப் பின், அது கழலாமல் இருக்க அடியில் லாக், இரண்டு பக்கமும் சங்கிலி. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட வராது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். இரவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் விளக்கில்லாத கரும்பு டிரெய்லர், பின்னால் வருகிறவர் கண்ணுக்கு மிக அருகில் வந்த பிறகுதான் தெரிகிறது.

தாய்மார்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து அனுப்பாதீர்கள். அப்பா கூடத்தானே போகிறான் என்று விட்டுவிடாதீர்கள். வண்டி மடங்கும்போது முதலில் நசுங்குகிற இடம் அது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிப்போவது சட்டப்படியும் தவறு.

சர்வீசுக்கு வருகிறவர்கள் டிரெய்லரைத் தோட்டத்தில் விட்டுவிட்டு டிராக்டரை மட்டும் கொண்டுவருகிறீர்கள். அடுத்த முறை டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு வாருங்கள். கொக்கியையும் சக்கர பேரிங்கையும் சேர்த்தே பார்த்து அனுப்புகிறேன்.