மொட்டை மாடியில் 1.8 கிலோ

போன வாரம் ஒருவர் இடது பக்க விலாவைக் கையால் அணைத்துப் பிடித்தபடி உள்ளே வந்தார். வயது 46. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருப்பவர். உட்காரும்போதே, "லேசான பிடிப்புதான் சார், ரெண்டு நாள் கரன்ட் வெச்சு விட்டீங்கன்னா சரியாயிடும்" என்றார். ஓசூரில் 14 வருடமாக பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வலி எங்கே என்று சொல்வதற்கு முன்பே வைத்தியத்தைச் சொல்லிவிடுவார்கள். அது பெரும்பாலும் கரன்ட்தான். மீதிப் பேருக்கு மெழுகு ஒத்தடம்.

இருமிக் காட்டச் சொன்னேன். இருமவில்லை, பயந்தார். வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். அக்குளுக்குக் கீழே, சற்றுப் பின்பக்கமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் ஒற்றை விரலை வைத்தார். தசைப் பிடிப்பு உள்ளவர்கள் உள்ளங்கையால் ஒரு பிரதேசத்தையே தடவிக் காட்டுவார்கள். விரல் நுனி ஒரே இடத்தில் போய் நின்றால் எனக்கு எலும்பின் மேல் சந்தேகம் வரும். அப்புறம் அவர் உள்ளங்கையில் இருந்த புதுக் காய்ப்பைப் பார்த்தேன். "கோல்ஃப் ஆடுவீங்களா?" என்றேன். வலியிலும் முகம் மலர்ந்தது. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? இந்த வருடம் இவர் நான்காவது ஆள்.

கதை நால்வருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சனிக்கிழமை விடிந்ததும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் ஆடுகிறவர்கள். கூட வருகிறவர் 220 கஜம் அடிக்கிறார், நமக்கு 180 தாண்டவில்லை என்ற ஏக்கம். ஏதோ வீடியோவில் கனமான பயிற்சித் தடி ஒன்றைப் பார்க்கிறார்கள். மற்ற மூவரும் ஆன்லைனில் வாங்கினார்கள், அவை ஒரு கிலோவை ஒட்டி இருந்தன. இவர் வாங்கவில்லை. ஓசூரில் இருந்துகொண்டு இரும்புச் சாமானுக்கு ஆன்லைன் போவானேன்? தெரிந்த லேத் பட்டறையில் சொல்லி, பழைய கிளப்பின் (பந்தடிக்கும் கோல்ஃப் தடி) தண்டுக்குள் கம்பியைச் செருகி, நுனியில் ஓர் உருளையை வெல்டிங் வைத்து வாங்கிவிட்டார். எடை 1.8 கிலோ. தினமும் காலை ஐந்தரை மணிக்கு, ஓசூர்க் குளிரில், மொட்டை மாடியில் நூறு சுற்று, முழு வேகத்தில். பதினேழாம் நாள் ஒரு தும்மல் போட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் செய்த ஒரே நல்ல காரியம், முதலில் போய் ஈ.சி.ஜி. எடுத்தது. இடது பக்க நெஞ்சு வலி என்றால், அதுவும் நாற்பதைத் தாண்டியவருக்கு, இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும். அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் வழக்கமானவை. வலி ஸ்பிரே, சுளுக்கு வழிக்கும் பாட்டி, "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையாம்" என்ற நிம்மதி. விலா எலும்பில் நூலிழை போல விழும் விரிசல் ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எலும்பு மருத்துவரிடம் அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் ஆறாவது விலாவில் விரிசல். வலது கை ஆட்டக்காரருக்கு இடது பக்க விலா என்பது பாடப் புத்தகம் போல. தோள்பட்டை எலும்பை விலாவோடு இழுத்துப் பிடித்திருக்கும் தசை களைத்துப்போன பிறகும் தடி சுழன்றுகொண்டே இருந்தால், சுமை எலும்புக்கு வருகிறது. 6 முதல் 8 வாரம் கோல்ஃப் கிடையாது.

சரி, இவர்கள் எல்லோரும் என்னிடம் சொல்லும் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "கனமானதைச் சுத்திப் பழகிட்டா, லேசானது பறக்கும் சார்." நால்வரும் சொன்னார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்கள் மட்டுமா, கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கிரிக்கெட் பையன்களும் மட்டையின் அடியில் ஈயம் கட்டிக்கொண்டு இதையேதான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு என் காது காய்த்துவிட்டது.

25 கிலோ அரிசி மூட்டையை இரண்டு மாடி ஏற்றி இறக்கி வைத்துப் பாருங்கள். இறக்கிய கணம் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், காற்றில் மிதப்பது போலத் தோன்றும். அப்போது ஓட்டப் பந்தயம் வைத்தால் மூட்டை தூக்காத நாளை விட வேகமாக ஓடிவிடுவீர்களா? மூச்சு வாங்கும். அந்த லேசு உங்கள் மூளை போட்ட தப்புக் கணக்கு. கனத்துக்குப் பழகிய கை, அடுத்து எடுக்கும் பொருளும் கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறது, அவ்வளவுதான். பேஸ்பால்காரர்கள் மட்டையில் எடை வளையம் மாட்டிச் சுழற்றிவிட்டு ஆட இறங்குவது பல காலப் பழக்கம். இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. வளையத்தைக் கழற்றியதும் மட்டை வேகமாகப் போவதாக ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். கருவி காட்டிய வேகம் கூடவில்லை, சிலருக்குக் குறைந்தே இருந்தது.

இன்னும் ஒன்று. ஒரு டிரைவரின் மொத்த எடையே சுமார் 310 கிராம். (டிரைவர் என்றால் கிளப்புகளில் நீளமானது. என் கிளினிக் பெண் முதல் முறை கேட்டபோது, சாருக்கு டிரைவரால் அடிபட்டிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதி வைத்தாள்.) அதன் தலை மட்டும் ஏறக்குறைய 200 கிராம். வேகத்தைக் கூட்டுவதற்கென்றே விற்கும் மூன்று தடிகள் கொண்ட பயிற்சித் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் இரண்டு தடிகள் டிரைவரை விட லேசானவை, 20 சதவீதமும் 10 சதவீதமும் குறைவு. மூன்றாவது மட்டும்தான் கனம், அதுவும் 5 சதவீதம். 310 கிராமில் 5 சதவீதம் என்றால் 15 கிராம், மூன்று டீஸ்பூன் சர்க்கரை. நம் ஆள் கூட்டியது 1500 கிராம். அதுவும் நுனியில். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் கனமும் நுனியில் இருக்கும் கனமும் ஒன்றல்ல. தூரம் இரண்டு மடங்கானால், சுழற்றத் தேவைப்படும் பலம் நான்கு மடங்காகிறது. கடப்பாரையை நடுவில் பிடித்துத் தூக்குவதற்கும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் எந்தக் கிணறு வெட்டுகிறவருக்கும் தெரியும்.

வேகம் வருவது வரிசையில்தான். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், பிறகு மேலுடம்பு, பிறகு கை, கடைசியில் தடி. மேலிருந்து பந்துக்கு வந்து சேர ஏறக்குறைய கால் நொடி. இந்த வரிசையை உடம்பு கற்றுக்கொள்வது அந்தந்த எடைக்கும் வேகத்துக்கும் சேர்த்துத்தான். 1.8 கிலோவை முழு வேகத்தில் இழுத்தால் உடம்பு வேறொரு வரிசையைக் கற்றுக்கொள்கிறது: தோளால் இழு, முதுகால் முட்டுக் கொடு, மூச்சைப் பிடி. சனிக்கிழமை மைதானத்துக்குப் போனதும் அதையே செய்கிறது. ஏன் பந்து வலது பக்கமே போகிறது என்று அப்போது கோச்சைக் கேட்பார்கள்.

இரண்டாம் முறை வந்தபோது அவரோடு அவர் அப்பாவும் வந்திருந்தார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், வயது 74, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். என் அறையின் மூலையில் தோள் பயிற்சிக்காக ஒரு ஜோடி கர்லாக்கட்டை வைத்திருக்கிறேன். பெரியவர் கண் அதன் மேலேயே இருந்தது. "எடுக்கலாமா தம்பி?" என்று கேட்டு ஒன்றை எடுத்தார். வலது தோளுக்கு மேல் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, காதை உரசாமல் முன்னால் கொண்டுவந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு. கட்டை எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் விரையவும் இல்லை. பத்துச் சுற்று முடித்து, கை மாற்றி இன்னொரு பத்து.

"எங்க வாத்தியாரு மூணு மாசம் வெறுங்கையத்தான் சுத்த விட்டாரு. அப்பறந்தான் கட்டையத் தொட விட்டாரு. இவன் பட்டறையில போயி தூக்கிட்டு வந்த அன்னிக்கே நூறு சுத்தறான். கேட்டா இது வேறப்பாங்கறான்."

"இது வேறதாம்பா" என்றார் மகன், விலாவைப் பிடித்துக்கொண்டு.

உண்மையில் இருவர் சொன்னதும் சரி. கர்லாக்கட்டை குட்டையானது, கனம் உடம்பை விட்டு அதிகம் விலகாது, சுற்றும் முடியாமல் அடுத்த சுற்றுக்குள் போய்விடும். கோல்ஃப் சுழற்று அப்படி இல்லை, ஓர் இடத்தில் போய் நின்றாக வேண்டும். நன்றாக ஆடும் சாதாரண ஆட்டக்காரரின் டிரைவர் தலை மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதைத் தடுத்து நிறுத்துவது உங்கள் தோளின் பின்பக்கமும் முதுகும். நிறுத்தும்போதுதான் கிழிகிறது, விரிகிறது, பிடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நம் கர்லாக்கட்டையைப் பார்த்துவிட்டு ‘இந்தியன் கிளப்’ என்று ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1904லும் 1932லும் ஒலிம்பிக்கிலேயே கட்டை சுழற்றும் போட்டி இருந்தது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா, யாரு ஜெயிச்சா, நம்மாளா?" என்றார். இல்லை என்றேன். அதோடு அவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது.

மற்ற மூவரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு இடது முழங்கையின் வெளிப்பக்கம். ‘கோல்ஃபர் முழங்கை’ என்று பெயர் இருப்பது உட்பக்க வலிக்குத்தான், ஆனால் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அதிகம் வருவது ‘டென்னிஸ் முழங்கை’ எனப்படும் வெளிப்பக்க வலி. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். இன்னொருவர் கனத் தடியால் நிஜப் பந்தையே அடித்தார். தரையில் பட்டு, கைப்பிடியின் முனை இடது உள்ளங்கையில் இடித்து, சுண்டு விரல் பக்கத்துச் சின்ன எலும்பின் கொக்கி முறிந்துவிட்டது. மூன்றாமவருக்குக் கீழ்முதுகு. கீழ்முதுகு எலும்புகள் ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கம் 10, 15 டிகிரிதான் திரும்பும். மிச்சத்தை இடுப்பு மூட்டும் நெஞ்சுப் பகுதி முதுகும் தர வேண்டும். நாள் முழுக்க நாற்காலி, பிறகு பெங்களூரு நெரிசலில் கார் சீட் என்று இருப்பவருக்கு அவை இரண்டும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதன் மேல் ஒரு கிலோவை வீசினால் கீழ்முதுகு என்ன செய்யும்?

இந்தக் கீழ்முதுகுக்காரர் ஒரு கூடுதல் தகவலும் தந்தார். கம்பெனிப் போட்டியில் காத்திருக்கும் நேரத்தில் கிளப்பில் எடை வளையம் மாட்டிச் சுழற்றுவாராம். ஐயா, ஆட்டம் நடக்கும்போது அதற்கு விதியே தடை போடுகிறது. 2010இல் அமெரிக்காவில் ஜூலி இங்க்ஸ்டர் என்ற பெரிய வீராங்கனை, பத்தாவது குழியில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தபோது உடம்பு விறைக்காமலிருக்க வளையம் மாட்டிச் சுழற்றினார். டி.வி.யில் பார்த்த யாரோ தகவல் அனுப்ப, போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இன்றைய விதியில் முதல் தடவைக்கு அபராத அடிகள், மறுபடி செய்தால் நீக்கம்.

தடியைத் தூக்கிக் காவேரிப்பட்டணம் ஆற்றில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானே சிலருக்குக் கனத் தடி கொடுக்கிறேன். மெதுவாக, பிடித்து நிறுத்தக்கூடிய வேகத்தில் சுழற்றினால் உடம்பு திரும்பும் வரிசையைப் புரிந்துகொள்ள அது உதவும், விறைத்த தோளும் முதுகும் இளகும். பத்து முறை போதும், நூறு வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலது கைக்காரர் இடது பக்கமும் அதே அளவு சுழற்ற வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. நடுவில் எந்த இடத்திலும் "நில்" என்றால் தடி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அந்த எடை உங்களுக்கு அதிகம். வேகம் வேண்டுமென்றால் லேசான தடியை எடுங்கள், கோச் பார்க்கட்டும். மார்கழிக் காலையில் படுக்கையிலிருந்து நேரே மாடிக்குப் போகாதீர்கள். பத்து நிமிடம் நடந்து, உடம்பு சூடான பிறகு தொடுங்கள். பந்தை அடிக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள், கை மேலே போகாமல் தோள் இறுகிக்கொண்டிருந்தால், அதற்குத் தடியால் வைத்தியம் பார்க்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் உறைவது மற்றவர்களை விட அதிகம். அதற்கு வேறு பயிற்சி இருக்கிறது.

மாடியில் சுழற்றுகிறவர்கள் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது? பட்டறை வெல்டிங்கை நம்பாதீர்கள். இவருடைய தடியின் உருளை ஒன்பதாம் நாளே கழன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடைத்திருக்கிறது. மறுபடி வெல்டிங் வைத்துக்கொண்டு தொடர்ந்திருக்கிறார்! அந்தத் தெருவில் பள்ளிக்கூட வேன் நிற்கும்.

மூச்சை ஆழ இழுத்தால் ஒரே புள்ளியில் குத்துகிறதா, படுக்கையில் புரண்டால் வலிக்கிறதா, தும்மப் பயமாக இருக்கிறதா? ஸ்பிரே அடித்து, யாரையாவது நீவச் சொல்லி நாளைக் கடத்தாதீர்கள், தயவுசெய்து. நீவி நீவி விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வரும்போது தடியையும் எடுத்து வாருங்கள். "அவ்வளவா கனம் இல்ல சார்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதனால் மேசையில் ஒரு சமையலறைத் தராசு வாங்கி வைத்திருக்கிறேன். 1.8 கிலோ என்று எனக்குத் தெரிந்ததும் அதில்தான். அவர் சொன்னது முக்கால் கிலோ.