கொறடாவுக்கு எதற்குச் சாட்டை?

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம். மறைந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அரசியல் வாழ்க்கையை அடுக்கிக்கொண்டே வந்த தம்பி, "பிறகு தலைமைச் சாட்டையர் ஆனார்" என்றார். பக்கத்து நாற்காலி அண்ணாச்சி என் தொடையைத் தட்டினார். "சாட்டையரா? வண்டி பத்துனவராவே?"

அவர் சொன்னது சட்டமன்றக் கட்சிக் கொறடாவை. கொறடாவைத் தமிழாக்கிய இந்தச் 'சாட்டையர்' என் காதில் விழுவது இது மூன்றாவது தடவை.

கொறடா தமிழ் இல்லைதான். தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா, எல்லாம் சவுக்கு. (சவுக்கும் பாரசீகச் சரக்கே.) ஆங்கிலத்தில் அந்தப் பதவிக்குப் பெயர் 'விப்', அதாவது சவுக்கு. அதுதான் நம்மிடம் கொறடாவாக வந்து சேர்ந்தது.

அந்த விப்புக்கே மூலம் நரி வேட்டை. கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைத் திருப்பிச் சேர்க்கும் ஆள் 'விப்பர்-இன்'. கையில் சாட்டை இருந்தாலும் வேலை சேர்ப்பது. நம்மூரில் கிடை போட ஆடு பத்திப் போகிறவரைப் பாருங்கள். நாலு ஆடு அடுத்தவன் வயலில் வாய் வைக்கத் திரும்பினால் தொண்டையில் ஒரு சத்தம், கம்பைக் குறுக்கே நீட்டி ஒரு மறிப்பு. மேலே அடி விழாது. வாக்கெடுப்பு அன்று உறுப்பினர்களை அவைக்கு வரவழைத்து, கட்சி சொன்ன பக்கம் நிறுத்துகிறவர் செய்வதும் அந்த மறிப்புதான். கையில் இருப்பதை வைத்துப் பெயர் சூட்டினால், ஆடு மேய்ப்பவரைக் கம்பர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அடிக்கிற அதிகாரமும் கொறடாவுக்குக் கிடையாது. கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் வந்த அரசியலமைப்பின் 52ஆவது திருத்தப்படி, கட்சி ஆணையை மீறி வாக்களித்தவரையோ வாக்களிக்காமல் ஒதுங்கியவரையோ கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். தீர்ப்பு சொல்வது பேரவைத் தலைவர். சேரன்மகாதேவியில் ஜெயித்துப்போன பி.எச். பாண்டியன் 'வானளாவிய அதிகாரம்' என்றாரே, அந்த நாற்காலி. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழகப் பேரவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியின் 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஒருவருக்கும் பதவி போகவில்லை. ஆறே மாதத்தில் அவர்களில் ஒருவர் துணை முதல்வர். சாட்டை எங்கே போச்சு?

என் கணக்கு இது: ஆளுக்குக் கொறடா இருந்துவிட்டுப் போகட்டும். அதில் யாருக்கும் சவுக்குச் சத்தம் கேட்பதில்லை, பதவி மட்டும்தான் தெரிகிறது. எங்கள் பக்கத்து ஆணி பிடுங்கும் கொறடோடுகூட யாரும் அதைக் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் ஆணையில்தான். இப்படி வாக்களியுங்கள் என்று கட்சி அனுப்பும் தாளுக்கும் கொறடா என்றே பெயர். 'கொறடாவை மீறினார்' என்றால் ஆளையா, தாளையா? அந்தத் தாளுக்கு 'வாக்காணை' என்று வைக்கலாம்.

தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் வேலையைப் பார்த்து ஆக்குங்கள். 'ஸ்பீக்கர்' என்பதை யாராவது பேச்சாளர் ஆக்கினார்களா? சபாநாயகர் என்றார்கள், பிறகு பேரவைத் தலைவர் என்றார்கள், நிலைத்துவிட்டது. இப்போதைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதியின் முதல் பொருளைத் தாண்ட நேரமில்லை. அதே தம்பி அடுத்த மூச்சில் 'சிட்டிங் எம்.எல்.ஏ.'வை 'அமர்ந்திருக்கும் உறுப்பினர்' ஆக்கினார். அண்ணாச்சி மறுபடி தொடையைத் தட்டினார்.

"எந்திரிச்சா பதவி போயிருமோவே?"