கால் பராமரிப்பு மையத்தில் பிளேடு கீறினால்: உங்களுக்குச் சேர வேண்டியவையும் அதைத் தராமல் இழுத்தடிக்கும் வழிகளும்

போன மழைக்காலத்தில் குன்னூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் மனு எழுத என்னிடம் வந்தாள். ஒரு கால் பராமரிப்பு மையத்தில் உதவியாளர் வேலை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவருக்குக் காலாணி செதுக்கி முடித்ததும், பிடியிலிருந்து பிளேடை விரலாலேயே கழற்றியிருக்கிறாள். கையுறையையும் கிழித்துக்கொண்டு இடது ஆள்காட்டி விரலில் ஆழமாகக் கீறிவிட்டது. டெட்டால் ஊற்றி, பிளாஸ்டர் ஒட்டி, "சின்னக் கீறல்தானே, அடுத்த பேஷண்டைப் பார்" என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தது ஐந்தாம் நாள். அதற்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்குவதற்கான 72 மணி நேரம் கடந்துபோயிருந்தது. அவளுக்கு இப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

சட்டத்தை இரண்டு வரியில் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மருத்துவ சேவை தரும் எந்த இடமும் தன்னிடம் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனம், அதைப் பயன்படுத்தப் பயிற்சி, கீறலோ குத்தலோ பட்டால் தடுப்பு மருந்து ஆகிய மூன்றையும் தர வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளையும், வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையும் பயிற்சியையும் உடல் பரிசோதனையையும் கட்டாயமாக்குகின்றன. படுக்கை இல்லாத சின்ன கிளினிக்குக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரத்தத்தைப் பிதுக்காதீர்கள், டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்றாதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். உடனே பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். மருந்து தேவையா இல்லையா என்று டாக்டர்தான் முடிவு செய்வார், மையத்தின் முதலாளி அல்ல.

நம் நீலகிரி மலையில் இரண்டு மணி நேரம் என்பது ஒரு பஸ் பயணம். கூடலூரில் கீறிவிட்டு ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அந்த நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் மூன்றிலும் அரசு மருத்துவமனை உண்டு. அங்கேயே போய் முதல் டோஸைக் கேளுங்கள். மேல் சிகிச்சைக்கு ஊட்டிக்கு அனுப்பினால் அதற்குப் பிறகு போகலாம்.

அலைக்கழிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். "அந்த நோயாளியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வாங்க" என்பார்கள். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் டோஸைக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்ப்பதே முறை. "எச்.ஐ.வி. ஆலோசனை மையம் மூடியாச்சு, காலையில் வாங்க" என்றால் நகராதீர்கள். பணி மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். "மருத்துவ வேலையில் பிளேடு கீறல், நோயாளியின் ரத்தம் பட்ட பிளேடு, இத்தனை மணிக்கு நடந்தது" என்று நேரத்தோடு சொல்லி, ஓ.பி. சீட்டில் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். வெறும் "விரலில் காயம்" என்று எழுதிய சீட்டு பிறகு எதற்கும் உதவாது. அந்தப் பெண்ணிடம் சீட்டே இல்லை. வழி தெரியாமல் நின்றால் 1097க்கு அழையுங்கள், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு உதவி எண், இலவசம்.

எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்தே பயப்படுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றுக்கு முப்பது வரை போகும். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி போட்டால் பெரும்பாலோருக்கு அந்தக் கவலை இல்லை. இதற்கான பொறுப்பு மையத்துடையது. "உன் காசில் போட்டுக்கொள்" என்றாலோ சம்பளத்தில் பிடித்தாலோ ஒப்புக்கொள்ளாதீர்கள். தடுப்பூசி அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். மையத்தின் ஃபைலில் மட்டும் இருந்தால், வேலையை விடும் நாளில் அது காணாமல் போகும்.

அடுத்த பொறி "நீ ஸ்டாஃப் இல்லை, டிரெய்னி" என்ற பதில். கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் இதையே சொல்கிறார்கள். சட்டம் "அங்கே வேலை செய்யும் எல்லோரும்" என்கிறது. கழிவு விதியும் கழிவைக் கையாளும் மற்றவர்களையும் சேர்த்தே சொல்கிறது. உண்மையில் பெருக்கும் அக்காவுக்குத்தான் ஆபத்து அதிகம். பயன்படுத்திய பிளேடும் ஊசியும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். நான் பார்த்த ஒரு மையத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கழுத்து வரை திணித்திருந்தார்கள். பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு ஒரு பிளேடின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த பாட்டிலை அந்த அக்கா வெறுங்கையால்தான் தூக்கினார்.

பயிற்சிப் பதிவேட்டில் ஒரே நாளில் மூன்று வருடக் கையெழுத்து வாங்குவார்கள். நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்து போடாதீர்கள். நாளைக்கு "பயிற்சி கொடுத்தோம், இவள்தான் கவனக்குறைவு" என்று உங்கள் கையெழுத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

சம்பவத்தை அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், எந்த விரல், எந்தக் கருவி, கையுறை இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு இதுதான் உயிர். மருந்தின் குமட்டலால் ஒரு வாரம் படுத்துவிட்டால், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இ.எஸ்.ஐ. உதவித்தொகை கூலியில் 90 சதவீதம் வரை கிடைக்கும். இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் அன்றைய பதிவு இல்லையென்றால் வேலையில்தான் கீறியது என்று நிரூபிக்க வழியில்லை.

இ.எஸ்.ஐ.க்குப் பத்து பேர் வேலை செய்ய வேண்டும், உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. "எங்களிடம் எட்டு பேர்தான்" என்பார்கள். பகுதி நேர உதவியாளரையும் ஏஜென்சி வழியாக வரும் துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 10,000 ரூபாய் சம்பளத்தில் 75 ரூபாய் பிடித்தால், மையம் 325 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். பிடிக்கிறார்கள் என்றால் காப்பீட்டு எண்ணைக் கேட்டு, பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று இப்போதே பாருங்கள். காயம் பட்ட பிறகு பார்த்துப் புண்ணியமில்லை.

உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு உங்களுடையது. "ரிப்போர்ட்டைக் காட்டினால்தான் வேலை" என்று கேட்க மையத்துக்கு உரிமை கிடையாது. அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதையும் அதே 2017 சட்டம் தடுக்கிறது.

கழிவு விதிகளைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுத்தால், "24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டிய பெரிய விபத்து இது இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடும். அது உண்மைதான், ஊசிக் குத்தலை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மற்ற விபத்துகளை ஆண்டறிக்கையில், அதாவது படிவம் 4இல், மையம் எழுதியாக வேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கும். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலை வாரியத்திடம் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். விபத்து "இல்லை" என்று எழுதியிருந்தால், உங்கள் கையிலுள்ள ஓ.பி. சீட்டையும் கடிதத்தையும் சேர்த்துப் புகார் கொடுக்கலாம். ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் ஜூன் 30. அதனால் மனுவை ஜூலையில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் "இன்னும் வரவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.