எம்சிபி இருக்கே சார், ஏன் விழலை?

வீட்டுக்குள் செடி வளர்க்கும் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். ஒரு கை தொட்டியின் ஈர மண்ணில் இருக்க, மறு கையால், செடிக்கு வெளிச்சம் தரப் பக்கவாட்டில் வைத்திருந்த விளக்கை நகர்த்தியிருக்கிறார். தூக்கிப் போட்டுவிட்டது. பின்னால் சாய்ந்து விழுந்ததால் கை விடுபட்டது. போய் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை விளக்கின் அலுமினியச் சட்டத்திலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தேன், பல்பு பளிச்சென்று எரிந்தது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகியிருந்தார். எர்த் அங்கேயே அறுந்துபோனது. கரண்ட் அதிகமானால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்சிபியைக் காட்டி அவர் கேட்டது இதுதான்: "எம்சிபி இருக்கே சார், ஏன் விழலை?"

ஒரே மாதத்தில் இந்தக் கேள்வி மூன்றாவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எம்சிபி உங்களுக்காக வைத்ததல்ல, ஒயருக்காக வைத்தது. 16 ஆம்பியர் எம்சிபி 16-ஐத் தாண்டியதும் விழுந்துவிடும் என்றுகூட நம்பாதீர்கள். 23 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை விழாமல் இருக்கலாம். ஈரக் கையோடு இருக்கும் உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் உங்கள் வழியாகப் போவது 0.23 ஆம்பியர். எம்சிபிக்கு அது ஐம்பது வாட் பல்பு ஒன்று எரிகிற மாதிரிதான். இதயத் துடிப்பைக் குலைக்க அதைவிடக் குறைவே போதும். நீங்கள் துடித்துக்கொண்டிருப்பீர்கள், அது பேசாமல் இருக்கும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி என்கிற இன்னொரு சுவிட்ச். பேஸ் ஒயரில் போன கரண்ட் அத்தனையும் திரும்பும் ஒயரான நியூட்ரலில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். 30 என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். 300 என்று இருந்தால் அது தீப்பிடிப்பதைத் தடுக்க, உங்களுக்கு உதவாது. "ஸ்பிரே அடிச்சா விழுந்துட்டே இருக்கு" என்று அதைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. விழுவதுதான் அதன் வேலை, ஐயா! கசிவு எங்கே என்று தேடச் சொல்லுங்கள், தேடித் தருகிறேன்.

மேலே தொங்கும் விளக்கில் இவ்வளவு வம்பில்லை. கை படாது, தண்ணீரும் அவ்வளவாகத் தெறிக்காது. கீழ் இலைகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பக்கத்தில் வைக்கும் விளக்கு இருப்பதோ, நீங்கள் தண்ணீர் அடிக்கிற அதே உயரத்தில். உரம் கரைத்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட நன்றாகவே கரண்ட்டைக் கடத்தும். அன்று கழற்றிய பிளக்கில் பித்தளை முள்ளைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்து, ஓரம் பச்சை பிடித்திருந்தது.

"எல்இடிதானே" என்பவர்களுக்கும் ஒன்று. விலை மலிவான டியூப்கள் பலவற்றில் எல்இடிக்கு ஏற்றபடி கரண்ட்டை மாற்றித் தரும் டிரைவர், மெயின் கரண்ட்டிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. உள்ளே இருக்கும் எல்இடி பட்டையைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். கவர் கழன்ற டியூபைத் துணியால் துடைப்பது விளையாட்டல்ல.

சரி, செய்ய வேண்டியது. தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதை விளக்கின் ஐபி எண் சொல்லும். தெறிக்கிற இடத்துக்கு ஐபி65 விளக்கு வாங்குங்கள், ஐபி20 என்றால் தண்ணீருக்கு எந்தத் தடுப்பும் இல்லை என்று பொருள். விளக்கு ஐபி65 என்றால் அதன் பிளக்கும் அப்படி என்று அர்த்தமில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள், சுவரில் மாட்டுங்கள். ஒயர் சாக்கெட்டுக்கு நேராக இறங்கி வரக் கூடாது. கொஞ்சம் தொங்கி, அப்புறம் மேலேறிச் செருக வேண்டும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

டைமர் அணைத்துவிட்டது என்று கையை வைக்காதீர்கள். பல டைமர்கள் ஒரே ஒயரைத்தான் வெட்டும். அது நியூட்ரலாக அமைந்துவிட்டால் விளக்கு இருட்டாக இருக்கும், உள்ளே பேஸ் அப்படியே நிற்கும். நகர்த்துவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். அரை நிமிட வேலை, தயவுசெய்து.

ஆர்சிசிபியில் சின்னதாக ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். இப்போதே போய் அமுக்குங்கள். விழவில்லை என்றாலோ, அப்படியொரு பட்டனே உங்கள் பெட்டியில் இல்லை என்றாலோ, ஆள் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்க விளக்கு எரிய வேண்டாம்.