முதலில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

"அண்ணே, வண்டியே நாலு லட்சம்தான் போகும். இன்ஜினுக்கு ரெண்டே முக்கால் லட்சம் கேக்குறாங்க. வித்துரலாமா?"

பெங்களூரு அல்சூரில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வந்து நிற்கிறார். இந்தத் தம்பிக்கு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் திருப்பத்தூர். வண்டி 2012 மாடல் டர்போ பெட்ரோல் செடான், ஆறு கியர் மேனுவல். ஆயில் குடிக்கிறது, காலையில் நீலப் புகை வருகிறது. வேறு ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். புகையைப் பார்த்ததுமே இன்ஜினை மாற்ற எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடுவதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். நாலு லட்சம் என்பது நன்றாக ஓடுகிற வண்டிக்கு. புகை விடுகிற வண்டிக்குப் புரோக்கர் ஒன்றரைக்கு மேல் வாய் திறக்க மாட்டார். சரி, விற்றாயிற்று, அடுத்து எதை ஓட்டுவது? அதே வேகமும் அதே பிடிப்பும் உள்ள புது பெட்ரோல் வண்டி 22 லட்சம் என்று வையுங்கள். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம், செஸ் தனி. வரி மட்டுமே நாலு லட்சத்தைத் தொடுகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு போல்ட்கூட கைக்கு வராது. இன்ஷூரன்ஸ் கணக்கிலோ, வாங்கி ஒரு வருடம் தாண்டியதும் 20 சதவீதம் தேய்மானம். ஆகவே ரிப்பேர் பில்லை, மாற்று வண்டிக்கு இரண்டு வருடத்தில் ஆகும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

அந்தப் பில் உண்மையானதுதானா என்பது அடுத்த விஷயம். "திறந்து பார்த்தாதான் தெரியும்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது பாதிதான் உண்மை. திறக்காமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். கம்ப்ரஷன் டெஸ்டில் எந்தச் சிலிண்டர் பலவீனம் என்று தெரியும்; லீக் டவுன் டெஸ்டில் ஏன் என்று தெரியும். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடிப்பக்கம் உஸ்ஸென்றால் பிஸ்டன் ரிங் அல்லது போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருக்கிறது. சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். நாடி பிடித்துப் பார்க்கிற நாட்டு வைத்தியர் மாதிரிதான். எஸ்டிமேட் கொடுப்பவரிடம் இந்த இரண்டு டெஸ்டின் அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

தம்பியின் வண்டியில் நாலு சிலிண்டரும் ஒன்றுபோல இருந்தன. ஆயில் போனது, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் வால்வு கிழிந்ததால். ஆனால் வேறொன்று மாட்டியது: ராத்திரி நின்று ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு செகண்ட் கரகரவென்று ஒரு சத்தம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அது விட்டுக்கொடுத்து செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதன்பிறகு இன்ஜின் மாற்றும் எஸ்டிமேட் நியாயமாகிவிடும். செயின், டென்ஷனர், ப்ரீதர், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 92,000.

"அப்ப பழைய வண்டியை எப்பவுமே ரிப்பேர் பண்ணிடலாம்னு சொல்றீங்களா?" என்றால், இல்லை. நான் கைகழுவச் சொன்ன ஒரு வண்டியின் இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. ஃப்ரேசர் டவுன் பெரியவர் ஒருவர் சென்னையிலிருந்து வாங்கி வந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் காய்ந்த வண்டல், சீட் போல்ட்டெல்லாம் துரு, வயர் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வண்டி. "சார், இதுக்கு மேல ஒரு ரூபா போடாதீங்க" என்றேன். அவர் கேட்கவில்லை, அந்த மாடல்மேல் அவ்வளவு ஆசை. எட்டு மாதத்தில் மூன்று தடவை டோ பண்ணித்தான் வந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு சென்சார், வேறு வயர். இன்ஜினை வாங்கலாம், கியர்பாக்ஸை வாங்கலாம். ஃப்ளோரையும் முழு வயரிங்கையும் யார் மாற்றுவது? முன் சஸ்பென்ஷன் வந்து உட்காரும் இடத்தில் துருவோ வெல்டிங்கோ தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடியில் பட்டி பூசி மறைத்தது எங்கே என்று பார்க்க, ஃபிரிட்ஜ் மேக்னட்டைத் துணியில் சுற்றி ஒட்டிப் பார்த்தாலே போதும்.

ஸ்பேர் கிடைக்குமா என்பதும் உண்டு. செவர்லே 2017-லும் ஃபியட் 2019-லும் இங்கே விற்பனையை நிறுத்தின. இப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் ஃபில்டரும் பிரேக் பேடும் தேடிப்பிடித்துவிடலாம். ஹெட்லைட்டும் பிரேக்கின் ஏ.பி.எஸ். யூனிட்டும்தான் அலைக்கழிக்கும். வேலையை ஆரம்பிக்கும் முன் விலையை விடுங்கள், சாமான் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

15 வருடம் ஆனால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். காருக்குக் கட்டணம் 5,000. 20 வருடம் தாண்டினால் 10,000. இறக்குமதி வண்டி என்றால் 40,000, 20 வருடத்துக்குப் பிறகு 80,000. பல பேருக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

நான் தப்புச் செய்ததும் உண்டு. ஒருவருக்குத் தாராளமாக "ரிப்பேர் பண்ணுங்க" என்றேன். வண்டியைப் பொறுத்தவரை சரியான பேச்சுதான். ஆனால் வீட்டில் அது ஒன்றுதான் வண்டி, டயாலிசிஸுக்கு அம்மாவை வாரம் மூன்று நாள் அழைத்துப் போக வேண்டும் என்பதை நான் கேட்கவே இல்லை. ஸ்பேருக்காக 23 நாள் வண்டி என் ஷெட்டில் நின்றது. வீட்டில் வேறு வண்டி இருக்கிறதா என்பதை இப்போதெல்லாம் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்.

தம்பி வண்டியை எடுக்க வந்த அன்று கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, ஸ்டேஜ் ஒன் ரீமேப் போட்டா எவ்வளவு பவர் ஏறும்?"

ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவரை ஏற்றுவது. முதலில் 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஊருக்கு மூன்று தடவை போய்வந்து அனுப்பியிருந்தார். ஆயில் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ரீமேப்புக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.